பதினாறைப் பன்னிரண்டாக்கிய பண்டிதர்

1970-ஆம் ஆண்டு, கல்கத்தாவின் கல்லூரிச் சதுக்கத்தில் ஒரு சிலையின் தலை துண்டிக்கப்பட்டது. துண்டித்தவர்கள் புரட்சி பேசிய இளைஞர்கள். சிலைக்குரியவர் ஈசுவர சந்திர வித்தியாசாகர். வெள்ளையனிடம் உத்தியோகம் பார்த்த பண்டிதர் இவர், பாட்டாளிக்கு என்ன செய்தார் என்பது அவர்கள் தொடுத்த வழக்கு. வழக்கை நாமும் விசாரிப்போம், தோழர்களே! அதற்கு முன் ஒன்று: அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் தாய்மொழியின் முதல் எழுத்தைக் கற்றது, இவர் எழுதிய பாலபாடத்திலேதான் இருக்கும்!

1820 செப்டம்பர் 26-இல், மேதினிப்பூர்ப் பகுதியிலே பீர்சிங்கா என்ற குக்கிராமத்தில் பிறந்தார். பிராமணக் குடும்பம், ஆனால் அடுப்பெரிவதே அரிது. தந்தை தாகூர்தாஸ் கல்கத்தாவில் சொற்பச் சம்பளத்துக்கு உழைத்தவர். எட்டு வயதுச் சிறுவன் தந்தையோடு கால்நடையாகவே கல்கத்தா புறப்பட்டான். வழியிலே அம்மிக்கல் போல நட்டு வைத்த கற்களைக் கண்டு, இவை என்ன என்று கேட்டான். மைல்கற்கள் என்றார் தந்தை. கல்லிலே இருந்த ஆங்கில எண்களைப் பார்த்துப் பார்த்தே, ஊர் போய்ச் சேருமுன் அவற்றைக் கற்றுக்கொண்டான். தெருவிளக்கிலே படித்தார் என்ற கதையைப் பலர் சொல்வார்கள். நமக்குப் பிடித்தது இந்த மைல்கல் கதைதான். ஒழுங்காக வரிசைப்படுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வைத்தால், பிள்ளை தானே கற்கும் என்பதை அந்தச் சாலை அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

1829 முதல் 1841 வரை சமஸ்கிருதக் கல்லூரியில் படிப்பு. கல்விக்கடல் என்ற பொருளில் வித்தியாசாகர் பட்டம். 1851-இல் அதே கல்லூரிக்கு முதல்வர். பிராமணரும் வைத்தியரும் மட்டுமே நுழையலாம் என்றிருந்த அந்தக் கல்லூரியின் கதவை, முதலில் காயஸ்தருக்கும் பிறகு 1854-இல் மற்ற சாதி இந்துக்களுக்கும் திறந்தார். சனாதனிகள் சீறினார்கள். அவர் அசையவில்லை.

அந்நாளில் வங்கத்துக் கிராமப் பள்ளி எப்படியிருந்தது? நம் திண்ணைப் பள்ளிக்கூடம் போலத்தான். முதலில் தரையில் எழுத்து, பிறகு பனையோலை, பிறகு வாழையிலை, கடைசியாகக் காகிதம். அச்சுப் புத்தகம் அங்கே அபூர்வம். பிள்ளை உருப்போடும், கணக்குச் சொல்லும், ஆனால் கையில் ஒரு புதிய ஏட்டைக் கொடுத்தால் திகைக்கும். எழுத்து வரிசையோ சமஸ்கிருதத்திலிருந்து அப்படியே இறக்கியது. உயிரெழுத்து 16 என்பார்கள். அவற்றிலே இரண்டு, வங்காளச் சொல் எதிலும் வராதவை! இல்லாத ஒலிக்கு ஏழைப் பிள்ளையின் முதுகிலே பிரம்படி!

1855 ஏப்ரலில் ‘வர்ண பரிசய’ முதல் பாகத்தை வெளியிட்டார் வித்தியாசாகர். ஜூனில் இரண்டாம் பாகம். பயன்படாத அந்த இரண்டு நெடில்களையும் நீக்கினார். உயிரெழுத்துகளோடு ஒட்டிக்கொண்டிருந்த அனுஸ்வாரம், விசர்க்கம் இரண்டையும் மெய்களோடு சேர்த்தார். பதினாறு பன்னிரண்டாயிற்று. தனி எழுத்தாக வேடம் போட்ட கூட்டெழுத்து ‘க்ஷ’வைக் கூட்டெழுத்துக் கூட்டத்திற்கே அனுப்பினார். பேச்சிலே வழங்கி, வரிசையிலே இடமில்லாதிருந்த ஒலிகளுக்குத் தனி இடம் தந்தார். இத்தனையையும் செய்தவர் யார்? சமஸ்கிருதத்தைக் கரைத்துக் குடித்தவர்! (நம் தமிழிலே றா, னா, லை, ளை போன்றவற்றின் பழைய வடிவத்தை மாற்ற 1978 வரை நேர்ந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறோம்.)

பாடத்தின் அடுக்கைப் பாருங்கள். முதலில் தனி எழுத்து. பிறகு உயிர்க்குறி சேராத சின்னச் சொற்கள். பிறகு ஒவ்வொரு உயிர்க்குறியாக. அதன்பின் மரம், நீர், பூ, இலை என்று பிள்ளை கண்ணால் காண்பவற்றைக் கொண்டு இரண்டு சொல் தொடர்கள். பிறகே வாக்கியம். முரட்டுக் கூட்டெழுத்துகள் எல்லாம் இரண்டாம் பாகத்தில். தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு ஒரே ஒரு படி! எழுத்தையும் ஒலியையும் முறையாகப் பொருத்திக் கற்பிப்பதே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது என்று இன்றைய ஆராய்ச்சியாளரும் சொல்கிறார்கள்.

அச்சுக்கூடத் தோழர்கள் இன்னொன்றையும் அறிய வேண்டும். 1847-இலேயே நண்பர் மதன்மோகன் தர்க்காலங்காருடன் சேர்ந்து அச்சகம் நடத்தியவர் இவர். எழுத்துக் கோப்பவரின் கை வீணாக அலையாதபடி, வங்காள எழுத்துப் பெட்டியின் அறைகளை ஒழுங்குபடுத்தியதும் இவரே. அவர் பெயராலேயே அந்த அமைப்பு வழங்கிற்று.

புத்தகம் மட்டும் போதுமா? உபாத்தியாயர் வேண்டாமா? அதே 1855-இல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அட்சய குமார் தத்தர் தலைமையாசிரியர். நதியா, பர்த்துவான், ஹூக்ளி, மேதினிப்பூர் நான்கு மாவட்டங்களில் மாவட்டத்துக்கு ஐந்தாக 20 மாதிரிப் பள்ளிகள். 1857 நவம்பரிலிருந்து ஏழே மாதத்தில் 35 பெண்கள் பள்ளிகள்; சுமார் 1,300 சிறுமிகள்! சர்க்கார் பணம் தரும் என்று நம்பித் திறந்தார். சர்க்கார் கையை விரித்தது. உபாத்தியாயர்களின் சம்பளப் பாக்கி அவர் தலையில் விழுந்தது. போராடி அந்தப் பாக்கியைப் பெற்றார். பள்ளிகளை நடத்தவோ நன்கொடை திரட்ட நேர்ந்தது. மேலதிகாரியோடும் மோதல் முற்றியது. 1858-இல், மாதம் 500 ரூபாய் உத்தியோகத்தை உதறி எறிந்தார். அந்தக் காலத்து 500 ரூபாய்!

இனி வழக்குக்கு வருவோம். இளைஞர்களின் குற்றச்சாட்டிலே உண்மையே இல்லையா? உண்டு. மறைக்க மாட்டோம். 1855-இல் சுவர்ணவணிகர் சாதி மாணவனுக்குக் கல்லூரிக் கதவைத் திறக்க அவர் துணியவில்லை. 1859-இல் சர்க்காருக்கு எழுதியபோது, மக்கள் அனைவருக்கும் கல்வி என்பது நடக்கிற காரியமல்ல, மேல்தட்டினரை முழுமையாகப் படிக்க வைப்பதே வழி என்று கருத்துரைத்தார். உழவனின் மகன் காத்திருக்கட்டும் என்பதுதானே அதன் பொருள்? நமக்கு வருத்தமே. சர்க்காரின் கஞ்சத்தனத்தைக் கண்டு சலித்து எழுதினார் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நாம் அதை முழுதும் ஏற்கவில்லை.

ஆனால் எழுதியவரின் தயக்கம் அவர் புத்தகத்துக்கு இல்லை! மலிவு விலையில் அச்சான அந்தச் சிறு ஏடு, அவர் உயிரோடிருந்தபோதே 150 பதிப்புகளுக்கு மேல் கண்டது. கடைக்காரன் மகனும் மீனவன் மகளும் அதை வாங்கினார்கள். யார் வாசலில் நுழையலாம் என்று அது கேட்கவில்லை.

கடைசிக் காலத்தில் நகரத்துப் பெரிய மனிதர்களோடு கசந்து, கர்மாட்டார் என்ற ஊரில், சந்தால் பழங்குடி மக்களிடையே நெடுநாள் தங்கினார். அவர்களுக்கு ஓமியோபதி மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடமும் வைத்தார். 1891 ஜூலை 29-இல் கல்கத்தாவில் மறைந்தார். கர்மாட்டார் ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையில் இன்று வித்தியாசாகர் என்றே எழுதியிருக்கிறது.