நாற்பதைக் கடந்தபின் ஓர் ஆய்வாளர்

இங்கிலாந்தில் 1862-இல் பிறந்த வில்லியம் ஹென்றி பிராக், 1886-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அடுத்த 18 ஆண்டுகள் கற்பித்தலிலேயே கழிந்தன. குறிப்பிடத்தக்க ஆய்வு ஏதுமில்லை. இன்றைய பதவி உயர்வு மதிப்பெண் முறையில் அவர் தேறியிருக்க மாட்டார்.

1904-இல், 41 வயதில், மாநாட்டு உரை ஒன்றுக்காகக் கதிரியக்கம் பற்றிப் படித்தபோது அவருள் ஐயங்கள் எழுந்தன. சிறிதளவு ரேடியம் பெற்று, கிளீமன் என்ற உதவியாளருடன் ஆல்ஃபா துகள்களை ஆராய்ந்தார். காற்றில் குறிப்பிட்ட தொலைவு சென்று நின்றுவிடும் அத்துகள்கள், நிற்பதற்குச் சற்று முன்புதான் மிகுதியான அயனிகளை உண்டாக்கின. 'பிராக் உச்சம்' எனப்படும் இப்பண்பே, வழியிலுள்ள நல்ல திசுவைப் பெரிதும் தவிர்த்துப் புற்றுக்கட்டியில் ஆற்றலை இறக்கும் கார்பன் அயனிச் சிகிச்சைக்கு அடிப்படை.

அவர் கையாண்ட அயனி அறையின் வழிவந்த கருவிதான் இன்றும் மருத்துவமனைகளில் கதிரளவைக் கணிக்கிறது. கதிரளவு குறைந்தால் கட்டி மீளும்; கூடினால் நல்ல திசு கெடும். ஆயினும் கார்பன் கற்றையில் அக்கருவியின் நிச்சயமின்மை சுமார் 3 விழுக்காடு என்று சர்வதேச அணுசக்தி முகமை 2000-இல் மதிப்பிட்டது. நீரின் வெப்ப உயர்வை நேரடியாக அளந்து ஜெர்மன் ஆய்வாளர்கள் அதைக் குறைத்துள்ளனர். எளிய வேலையன்று, ஒரு கிரே கதிரளவு நீரைச் சூடாக்குவது ஒரு டிகிரியில் ஏறத்தாழ 4,000-இல் ஒரு பங்கே.

படிக ஆய்வுக்காக 1915-இல் மகனுடன் நோபல் பரிசு பெற்ற பிராக், 1942-இல் மறைந்தார். அவர் கண்ட உச்சத்தைப் புற்றுநோய்க்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் முன்மொழிந்தது அதற்கு 4 ஆண்டுகளுக்குப் பின்னரே.