நெய்வேலி வீட்டு மாத்திரை டப்பாவில் ஒரு மெட்ராஸ் டாக்டர்: யார் இந்த சுப்பாராவ்?

மழைக்காலம் வந்தால் நெய்வேலி டவுன்ஷிப்பில் காய்ச்சலும் கூடவே வந்துவிடும். சிலருக்கு அது உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸாக இருக்கும், சிலருக்கு எலிக் காய்ச்சலாக. இரண்டுக்குமே டாக்டர்கள் அடிக்கடி எழுதும் பெயர் டாக்ஸிசைக்ளின். நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, பசிக்கு ஒரு டம்ளர் பாலோடு அதை விழுங்கிவிட்டுப் படுக்கிறவர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தில் இரண்டு தப்பு இருக்கிறது. அதற்கு முன், அந்த மாத்திரையின் குடும்பத்தில் முதல் மருந்தைக் கொண்டுவந்தவரின் கதை.

எல்லப்பிரகத சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். படிப்பில் சூரப்புலி எல்லாம் இல்லை. மெட்ரிகுலேஷனை மூன்றாவது முயற்சியில்தான், சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, பாஸ் செய்தார். பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டு ஆபரேஷன் அறைக்குக் கதர் உடையில் போனார். வெள்ளைக்கார அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. தேர்வை நன்றாக எழுதியும் எம்பிபிஎஸ் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்எம்எஸ் சான்றிதழோடு வெளியே வந்தார்.

இதற்கிடையில் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோனது. அவரையும் தொட்டது, ஆனால் பிழைத்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுத்தவர், 1923-ல் மாமனார் வீட்டு உதவியோடு அமெரிக்கா கிளம்பினார். பாஸ்டனில் பகலில் ஹார்வர்டு வகுப்பு, இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை.

அங்கே சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய பாஸ்பரஸ் பரிசோதனை இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நம் செல்களுக்குச் சக்தி கொடுக்கும் ஏடிபியைப் பிரித்து அடையாளம் கண்ட ஆரம்ப ஆய்வுகளிலும் இருவர் பெயரும் உண்டு. இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். நம் லாபம் அங்கிருந்துதான் ஆரம்பம்.

அவர் தலைமையிலான குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு உதவும் மருந்து அது. அண்ணன் தம்பிகளுக்குத்தான் கால் நூற்றாண்டு தாமதம். யானைக்கால் நோய்க்கான டிஇசி மாத்திரையும் அதே ஆய்வகத்தில் பிறந்தது. கடலூர் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஒருமுறை வீடு தேடி வந்து கொடுத்தார்களே, அதே மாத்திரைதான். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, போட்டாச்சு என்று சொன்னவர்களும் நம்மில் உண்டு.

ஆரியோமைசின் கதை தனி. எழுபதைத் தாண்டி, பேராசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் டகரை சுப்பாராவ் வேலைக்கு எடுத்தார். மிசௌரி மண்ணில் கிடைத்த பொன்னிற நுண்ணுயிரிலிருந்து டகர் எடுத்த மருந்து 1948-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பென்சிலின் அசைக்க முடியாத டைபஸ் வகைக் கிருமிகளையும் அடித்தது, அதுவும் வாய்வழியாகவே. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. டாக்ஸிசைக்ளின் பின்னால் வந்த இளையவர்.

பாலுக்கு வருவோம். இந்தக் குடும்ப மருந்துகள் கால்சியம், இரும்பு போன்ற உலோகங்களோடு ஒட்டிக்கொள்ளும். பால், அல்சர் ஜெல், சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துப் போட்டால் மருந்தின் ஒரு பகுதி உடம்பில் சேராமலே வெளியேறும். டாக்ஸிசைக்ளினுக்குப் பாலால் வரும் பாதிப்பு குறைவுதான், ஆனாலும் இடைவெளி விடுவது நல்லது. இரண்டாவது தப்பு, விழுங்கியதும் படுப்பது. மாத்திரை உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்காருங்கள். மருந்து எடுக்கும் நாட்களில் வெயில் சுள்ளென்று தோலைத் தாக்கும், சுரங்கத்தில் திறந்தவெளியில் வேலை என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். வீட்டில் மிச்சமிருப்பதைக் குழந்தைக்குப் பாதியாக உடைத்துத் தரவே கூடாது, இந்தக் குடும்ப மருந்துகளால் பல்லில் கறை நிலைத்துவிடலாம்.

முதல் நாள் இரட்டை டோஸ் எழுதியிருந்தால் பயந்து குறைக்காதீர்கள். ரத்தத்தில் மருந்தின் அளவைச் சீக்கிரம் ஏற்றத்தான் அப்படி எழுதுகிறார்கள். அதற்காக, ஒருவேளை மறந்துபோனதை ஈடுகட்ட நீங்களாக இரண்டு போடுவது வேறு விஷயம், அது வேண்டாம். தோல் தடித்தாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனை. காய்ச்சல் விட்டதும் நிறுத்தலாமா என்றால், எழுதிய டாக்டரிடமே கேளுங்கள்.

அதிக டோஸைப் பத்திரமாகக் கொடுப்பது எப்படி என்று உலகத்துக்குக் காட்டியதிலும் சென்னைக்குப் பங்குண்டு. நெய்வேலி லிக்னைட் நிறுவனம் தொடங்கிய அதே 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் ஆய்வு மையம் திறந்தது. வீட்டிலிருந்தே சிகிச்சை எடுத்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். மாத்திரை சாப்பிட்டார்களா என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்து பார்த்தார்கள். அடுத்த ஆய்வில் ஐசோனியசிட்டை அதிக டோஸில், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு, வாரத்துக்கு இரண்டே முறை, ஊழியர் கண்முன்னால் கொடுத்தார்கள். தினமும் வீட்டில் சாப்பிட்டதற்கு அது சளைக்கவில்லை.

சுப்பாராவ் குழுவின் இன்னொரு பிள்ளை மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போட வேண்டியதைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அப்பா அம்மா சீட்டில் அந்தப் பெயர் இருந்தால் எந்தக் கிழமை என்று பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆரியோமைசின் அறிவிப்பு வந்த சில வாரங்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 53. கிளம்பிய நாளுக்குப் பிறகு ஒருமுறைகூட அவர் இந்தியா திரும்பவில்லை, மனைவி சேஷகிரி ஆந்திராவில்தான் இருந்தார். இந்தியா அவருக்குத் தபால்தலை வெளியிட்டது 1995-ல், அவருடைய நூற்றாண்டில்.