பஸ் உன்னுடையது, பாதை யாருடையது?

போடிநாயக்கனூரிலிருந்து கொட்டகுடி ஆற்றை ஒட்டி மலைப்பக்கம் போனால் குரங்கணி. அதற்கும் மேலே, மேகம் உரசும் உயரத்தில், டாப் ஸ்டேஷன். வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் ஒரு காலத்தில் அந்த உச்சியிலிருந்து கொட்டகுடி அடிவாரம் வரை இரும்புக் கயிறு கட்டினார்கள். எதற்கு? தேயிலைப் பெட்டி அலுங்காமல் இறங்குவதற்கு! அந்தத் தேயிலையைப் பறித்தவனுக்கு? காலிருந்தது, நடந்தான். பெட்டிக்குக் கிடைத்த சவாரி அதைச் சுமந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

இன்று ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் போகிறது, தோழர்களே. விடியுமுன்னே போடியில் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறது. இத்தனை பேரை இப்படி அடைக்கலாமா என்று தோட்டக்காரரைக் கேட்டுப் பாருங்கள். வண்டி என்னுடையதல்ல என்பார். வண்டிக்காரர் கங்காணியைக் காட்டுவார். கங்காணி தோட்டத்தைக் காட்டுவார். காண்டிராக்டு என்ற சொல்லுக்குள் பொறுப்பு புகுந்தால் வெளியே வருவதே இல்லை! இதைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு மனிதரின் நினைவு வருகிறது. அதே மதுரைச் சீமையில், கீழ்ப்பழனி மலையடிவாரத்திலே, காப்பி வாணிகத்துக்குப் பேர்போன பட்டிவீரன்பட்டியில் 1893-ல் பிறந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார்.

செல்வக் குடும்பத்துப் பிள்ளை அவர். அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்காகப் பாராட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் பணம் இருந்தும் மானம் இல்லாத நிலை எப்படி இருக்கும் என்பதை அவர் பிறந்த சமூகம் அறிந்திருந்தது. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். நுழைந்தது குற்றம் என்று வழக்கு! இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-ல் நுழைய உரிமை இல்லையென்றே தீர்ப்பாயிற்று. இடையிலே 1899-ல் சிவகாசியில் கலவரம், கொள்ளை, தீ. இவற்றைக் கேட்டு வளர்ந்த இளைஞர் நீதிக்கட்சிக்கு வந்ததும், சென்னைச் சட்டசபையில் அமர்ந்ததும், பெரியாரின் தோழரானதும் வியப்பல்ல. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்த மாநாடு அது.

ஆனால் நாம் இங்கே சொல்ல வந்தது மாநாட்டுக் கதையல்ல. பஸ் கதை.

1920-களின் இறுதியில் சௌந்தரபாண்டியனார் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவரானார். கோயிலுக்குள் வராதே என்று தள்ளப்பட்ட கமுதியும் அந்த ஜில்லாவில்தான் இருந்தது! ஜில்லா போர்டு என்றால் என்ன என்று இளைய தோழர்களுக்குத் தெரியாது. நிலவரியோடு சேர்த்து வாங்கும் செஸ், சாலையில் வசூலிக்கும் சுங்கம், சர்க்கார் கொடுக்கும் மானியம், இவைதான் அதன் வரவு. சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை அதன் செலவு. சாலைக் காண்டிராக்டு அங்கே; பஸ் லைசென்சும் அங்கே. ஆகவேதான் தலைவர் நாற்காலிக்கு அவ்வளவு போட்டி. வேண்டியவருக்குக் காண்டிராக்டு, மைத்துனருக்கு லைசென்சு என்று நாற்காலியைக் காசாக்கியவர்கள் பலர். நம் கட்சிக்காரர்கள் உள்பட எவரும் இந்த வரியைப் படித்து நெளிந்தால் நமக்கு ஆட்சேபணையில்லை.

அந்தக் காலத்து பஸ்களில் ஆதிதிராவிடருக்கு இடமில்லை. காசு கொடுத்தாலும் இல்லை. பயணச் சீட்டிலேயே அதை அச்சிட்ட கம்பெனிகளும் உண்டு. சட்டம் இல்லாமலா இருந்தது? 1924-ல் ஆர். வீரையன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச் சாலை, கிணறு, அலுவலகம் எல்லாருக்கும் உரியவை என்று நிறைவேறியிருந்தது. ஆனால் பஸ்? அது தனியார் சொத்தாயிற்றே! சாலையில் அவன் நடக்கலாம். அதே சாலையில் ஓடும் வண்டியில் ஏறக்கூடாது. என் வண்டி, என் இஷ்டம் என்பதே முதலாளியின் நியாயம்.

சௌந்தரபாண்டியனார் வண்டியைப் பார்க்கவில்லை, சக்கரத்துக்கு அடியில் பார்த்தார். அங்கே இருந்தது சாலை. உழைத்தவன் வியர்வை வரியாகி, வரி கல்லும் மண்ணுமாகி அமைந்த சாலை. அதன்மேல் ஓட அனுமதி கொடுப்பது போர்டு. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்சு ரத்து செய்யப்படும் என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான்! மனம் மாறுங்கள் என்று கெஞ்சவில்லை, தருமம் பேசவில்லை. கதவைத் திற, இல்லையேல் வண்டியைக் கொட்டகையிலே நிறுத்து.

ஒரு ஜில்லாவுக்குள் அடங்கிய உத்தரவுதான் அது. கூலியை அது உயர்த்தவில்லை. நிலத்தையும் பங்கிடவில்லை. எனினும் அனுமதி கொடுக்கும் கைக்கு நிபந்தனை போடும் உரிமையும் உண்டு என்பதை அது காட்டியது. மைத்துனருக்கு லைசென்சு கொடுத்த தலைவர்களுக்கும் அதே அதிகாரம் இருந்தது. அவர்களுக்கு இது தோன்றவில்லை. மலை ஏறும் ஜீப்புக்கும் பெர்மிட் உண்டு, தோழர்களே. அதில் இத்தனை பேர் என்ற கணக்கும் உண்டு.

1939-ல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. லைசென்சு அதிகாரம் போர்டுகளின் கையைவிட்டுப் போயிற்று. 1953 பிப்ரவரி 22-ல் சௌந்தரபாண்டியனார் மறைந்தார். சென்னை தியாகராய நகரில் ஒரு கடைவீதிக்கு அவர் பெயர். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று பலகை சொல்கிறது. பஸ் கண்டக்டருக்கு அது பாண்டி பஜார். அவர் கூவுகிறார், யார் எந்தச் சாதி என்று கேளாமல் எல்லாரும் இறங்குகிறார்கள்.