சின்னக் காருக்குக் கால் கொடுத்தவர்

கார் பழுதுபார்க்கும் பட்டறைக்குப் போனால் ஒரு பெயர் அடிக்கடி காதில் விழும். மெக்பர்சன்! அது ஏதோ ஓர் உதிரி சாமானின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது ஒரு மனிதரின் பெயர்.

ஏர்ல் மெக்பர்சன் 1891-ம் ஆண்டு அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். அந்த மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே என்ஜினீயரிங் படித்து, 1915-ல் பட்டம் பெற்றார். மோட்டார் நகரமான டெட்ராய்ட்டுக்குப் போய் வேலையில் சேர்ந்தார். பல கம்பெனிகளில் உழைத்துத் தொழிலைக் கற்றார். 1934-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி அவரை அழைத்துக் கொண்டது.

ஆயிரம் டாலர் கார்

இரண்டாவது உலகப் போர் 1945-ல் முடிந்தது. சாதாரணக் குடும்பமும் வாங்கக்கூடிய ஒரு சின்னக் கார் செய்ய வேண்டும் என்று கம்பெனி நினைத்தது. விலை ஆயிரம் டாலருக்குள் இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு மெக்பர்சனிடம் வந்தது. காருக்குக் 'கேடட்' என்று பெயர்.

விலை குறைவு என்பதற்காக, ஏறுகிறவர்களின் உடம்பு குலுங்கலாமா? கூடாது என்பது அவர் எண்ணம்.

முன்பெல்லாம் காரின் இரு முன் சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு தாங்கியது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். பிறகு சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் முறை வந்தது. ஆனால் அதற்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று பல உறுப்புகள் வேண்டும். செலவு கூடும். இடமும் அடைக்கும்.

மெக்பர்சன் மேல் கையை எடுத்துவிட்டார். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து ஒரே தூணாக்கினார். தூணின் தலை காரின் உடலோடு சேர்ந்தது. அதன் அடியில் சக்கரம். கீழே ஒரே ஒரு கை. வேலை முடிந்தது!

கைவிட்டார்கள்

ஆனால் 'கேடட்' கார் கடைக்கு வரவே இல்லை. அதில் லாபம் கிடைக்காது என்று கணக்குப் பார்த்த கம்பெனி, 1947-ல் திட்டத்தைக் கைவிட்டது.

மெக்பர்சன் மனம் தளரவில்லை. அதே ஆண்டில் ஃபோர்டு கம்பெனிக்குப் போனார். 1950-ல் லண்டன் கண்காட்சியில் ஃபோர்டின் கான்சல், ஸெபிர் கார்கள் வந்து நின்றன. அவற்றின் முன் சக்கரங்களுக்கு மேல் மெக்பர்சனின் தூண்! 1952-ல் அவர் ஃபோர்டின் உதவித் தலைவரானார். 1958-ல் ஓய்வு பெற்றார். 1960-ல் காலமானார்.

சக்கரம் சாய்ந்தால்

அந்தத் தூண் நேராக இருந்தால்தான் சக்கரமும் சரியாக நிற்கும். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருக்கும் அளவுக்குக் 'கேம்பர்' என்று பெயர். இது தவறினால் டயர் ஓர் ஓரமாகத் தேயும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பல கார்களில் இதைத் திருத்தத் தனி வழி இராது. அப்போது தூணையும் சக்கரப் பகுதியையும் பிணைக்கும் இரண்டு போல்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு, கேம்பர் போல்ட் போடுவார்கள். அதன் நடுப்பகுதி ஒரு பக்கம் புடைத்திருக்கும். அதைத் திருப்பினால் சக்கரம் சிறிது சாயும்.

வாங்கும்போது, போல்டின் கனம் நம் காருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கார் எங்காவது மோதித் தூணோ கையோ வளைந்திருந்தால், முதலில் அதை மாற்ற வேண்டும். போல்டைத் திருப்பிக் குறையை மறைப்பது ஆபத்து. கேம்பரை மாற்றினால் சக்கரங்கள் முன்னோக்கி நிற்கும் நேரும் மாறிவிடும். ஆகவே கடைசியில் வீல் அலைன்மெண்ட் பார்த்தே தீர வேண்டும்.

1983-ல் நம் நாட்டுத் தெருக்களுக்கு மாருதி 800 வந்தது. எத்தனையோ குடும்பங்களின் முதல் கார் அதுதான். அதன் முன் சக்கரங்களைத் தாங்கியதும் மெக்பர்சனின் தூண்தான்.

அவர் ஆசைப்பட்ட கார் கடைக்கு வரவில்லை. அந்தக் காருக்காக அவர் நினைத்த கால்களோ உலகமெங்கும் ஓடுகின்றன!