குமரித் தந்தை நேசமணி

மலைவளமும் வயல்வளமும் கடல்வளமும் ஒருங்கே அமைந்தது கன்னியாகுமரி மாவட்டம். நெல் விளையும் நாஞ்சில் நாட்டைத் தன்னகத்தே கொண்ட இந்நிலம் முன்பு திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதியாயிற்று. அதனைத் தாய்த் தமிழகத்தோடு இணைக்க உழைத்தோருள் தலையாயவர் நேசமணி ஆவார்.

நேசமணி 1895-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் பள்ளியாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். சட்டம் பயின்று நாகர்கோவிலில் வழக்கறிஞரானார். அந்நாளில் நீதிமன்றத்திலும் சாதி வேற்றுமை தலைவிரித்தாடிற்று. உயர்குலத்தார் எனப்பட்ட வழக்கறிஞர்க்கு நாற்காலியும், ஏனையோர்க்கு முக்காலியும் இடப்பட்டிருந்தன. நீதி வழங்கும் இடத்திலேயே நீதி இல்லாமை கண்டு அவர் உள்ளம் கொதித்தது. வழக்காட வந்த முதல் நாளிலேயே முக்காலியைத் தள்ளிவிட்டு நாற்காலியில் அமர்ந்தார் என்பது குமரி மக்கள் இன்றும் போற்றிக் கூறும் செய்தியாகும்.

1943-இல் ஸ்ரீமூலம் சபையில் உறுப்பினரானார். திருவிதாங்கூர்த் தமிழர்தம் உரிமைக்காக 1945-இல் ஓர் இயக்கம் தோன்றிற்று. பின்னர் அது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு எனப் பெயர் பெற்றது. 1947-இல் அதில் இணைந்த நேசமணி, விரைவில் அதன் பெருந்தலைவராக விளங்கினார். 1952-இல் நாகர்கோவில் மக்கள் அவரைத் தில்லிப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினர்.

1954-இல் போராட்டம் கடுமையாயிற்று. தேவிகுளம் பகுதியில் தடையை மீறியமைக்காக நேசமணி கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறையினர் சுட்டதில் தமிழர் சிலர் உயிர் துறந்தனர். அவர்தம் குருதி வீண்போகவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலியைச் சேர்ந்தது. ஆயினும் அவர் வேண்டிய தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. வெற்றியிலும் இக்குறை எஞ்சிற்று.

இதன்பின் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. வென்ற கட்சியைத் தம் உடைமையாக வைத்துக்கொள்ளத் தலைவர்கள் விழைவது உலகியல்பு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசோ, தன் கடமை முடிந்ததும் இந்திய தேசியக் காங்கிரசோடு கலந்துவிட்டது. கரை சேர்ந்த பின் ஓடத்தைத் தலையில் சுமப்பார் உண்டோ?

கட்சி ஓய்ந்தது, நேசமணி ஓயவில்லை. 1957-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். 1962-இல் மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். காங்கிரசு தமிழகத்தில் ஆட்சியை இழந்த 1967-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் நாகர்கோவில் மக்கள் அவரைக் கைவிடவில்லை. அப்போது அவர்க்கு அகவை எழுபதைக் கடந்திருந்தது. உறுப்பினராக இருக்கும்போதே 1968 ஜூன் 1-ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் வகித்த இடத்திற்கு 1969-இல் நடந்த இடைத்தேர்தலில் வென்று சென்றவர் பெருந்தலைவர் காமராசர் ஆவார்.

நாகர்கோவிலில் எழுப்பப்பட்ட மணிமண்டபமும், மார்த்தாண்டத்தில் அவர் பெயர் தாங்கிய கல்லூரியும் நேசமணியின் நினைவைக் காத்து நிற்கின்றன. முக்காலியை ஒதுக்கி நாற்காலியில் அமர்ந்தவர் அவர். எனினும் எந்த நாற்காலியையும் தமக்கே உரியதென எண்ணினாரல்லர். பதவியைப் பணிக்குரிய கருவியாகக் கொண்டமையாலேயே மக்கள் அவரைக் குமரித் தந்தை என வழங்கலாயினர்.