ஓநாயைச் சுட்டவர் ஓநாய்க்காக வாதாடினார்!

மானைக் கண்டால் மனம் இளகும். ஓநாயைக் கண்டால் ஓடத் தோன்றும். மானுக்குப் பகை ஓநாய். ஆகவே ஓநாயை ஒழித்தால் மான் வாழும். கணக்கு எளிதாகத்தான் தெரிகிறது! இந்தக் கணக்கை நம்பித் துப்பாக்கி ஏந்தி, பின்னர் கணக்கே பிழையென்று கண்டு, கண்டதை ஊரறியச் சொன்ன ஓர் அறிஞரின் வரலாற்றைத் தோழர்களுக்குக் கூற விரும்புகிறோம். அவர் பெயர் ஆல்டோ லியோபோல்டு.

1887-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பர்லிங்டன் நகரிலே பிறந்தார். தந்தை மேசை செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். மகனோ யேல் பல்கலைக் கழகத்தில் காட்டியல் கற்று, 1909-ல் அரசாங்க அலுவலராக அரிசோனாக் காட்டுக்குச் சென்றார். ஓநாயைக் கண்ட இடத்தில் சுடுவதே அந்நாள் வழக்கம். அவரும் உடனிருந்தோரும் தாய் ஓநாய் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினர். அதன் கண்ணிலே பச்சை ஒளி அணைவதைக் கண்டார். கண்டது 1909-ல், அதன் பொருளை எழுதியதோ 1944-ல்!

இடையிலே நடந்ததென்ன? ஓநாய் மறைந்தது, மான் பெருகியது. பெருகிய மான் தளிரைத் தின்றது, மரக்கன்றைத் தின்றது, வாய்க்கு எட்டிய கிளையை எல்லாம் மொட்டையாக்கியது. புதுமரம் எழவில்லை. பனிக்காலம் வந்தது. எட்டாத உயரத்தில் இலை; எலும்பும் தோலுமாய்க் கீழே மான்! முதலில் மடிந்தவை குட்டிகள். வைக்கோல் போட்டால் ஆகாதா என்பர் சிலர். மான் மாடல்ல, தோழர்களே! அதன் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் பனிக்காலத்தில் சுள்ளிக்கும் மொட்டுக்கும் பழகியவை. வயிறு நிறைய வைக்கோல் இருந்தும் மான் பட்டினியால் சாவதுண்டு. காட்டிலே ஓநாய்க்கும் ஒரு வேலை இருந்தது. மரத்தைக் காத்த காவலாளி அது. காவலாளியை விரட்டிவிட்டுக் களஞ்சியம் காலியாயிற்றே என்று அழுவதா?

1933-ல் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் வனவிலங்குத் துறைப் பேராசிரியரானார். 1943-ல் அம்மாநில இயற்கைவளப் பாதுகாப்புக் குழுவில் அமர்ந்தார். மந்தை குறைய வேண்டும், பெண் மானையும் வேட்டையாட விடவேண்டும் என்றார். எழுந்தது எதிர்ப்பு! அத்திட்டத்தைத் தாக்குவதற்கென்றே ஓர் ஏடு நடத்தப்பட்டது. கைதட்டல் கிடைக்கும் பக்கம் சாய்ந்திருக்கலாம், சாயவில்லை. பட்டினியால் மெல்ல மெல்லச் சாகும் மானைக் காட்டி, தம் கருத்தையே வலியுறுத்தினார்.

சொல்லோடு நின்றவருமல்லர். 1935-ல் உழுது உழுது உரமிழந்த பண்ணையொன்றை வாங்கி, மனைவி மக்களோடு ஆயிரக்கணக்கில் மரம் நட்டார். 1948 ஏப்ரல் 21-ல் அண்டை நிலத்துப் புல்லிலே தீ பரவியது. அணைக்கச் சென்றார், நெஞ்சு நின்றது. வயது 61. அவருக்குப் புகழ் தந்த நூல் மறு ஆண்டுதான் வெளிவந்தது.

1998-ல் அதே அரிசோனா மலைகளில் ஓநாய்கள் மீண்டும் விடப்பட்டன. கால்நடை வளர்ப்போர் இன்றும் எதிர்க்கின்றனர். அவர்கள் இழப்பும் பொய்யல்ல. வழக்கு முடியவில்லை. ஆனால் ஓநாய்க்கும் ஒரு வழக்கு உண்டென்று எடுத்துரைத்தவர், அதைச் சுட்ட கைக்குச் சொந்தக்காரர் என்பதை நாம் மறவாதிருப்போம்!