நீராவியை வசப்படுத்திய முதல்வர்

கணித மேதை ராமானுஜன் 1918-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானதை நாம் பெருமையுடன் நினைவுகூர்கிறோம். அவருக்கு 77 ஆண்டுகளுக்கு முன்பே, 1841-இல், அச்சிறப்பைப் பெற்ற முதல் இந்தியரைப் பலரும் அறியார். அவர் நீராவிப் பொறியாளர் அர்தேசிர் கர்செட்ஜி வாடியா.

1808-இல் பம்பாயில், கப்பல் கட்டும் கலையில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த பார்சி குடும்பத்தில் பிறந்தார் அவர். 1817-இல் அக்குடும்பத்தார் கட்டிய தேக்குமரப் போர்க்கப்பல் ஒன்று திருகோணமலையின் பெயரையே தாங்கியது. பதினான்கு வயதில் கப்பல் தளத்தில் சேர்ந்த அர்தேசிரின் மனமோ மரத்தைவிட நீராவியிலேயே லயித்தது. 1833-இல், தம் 25-ஆம் வயதில், 'இண்டஸ்' என்ற சிறு நீராவிக் கப்பலை உருவாக்கினார்.

மறுஆண்டே மஸகானிலிருந்த தம் இல்லத்தையும் தோட்டத்தையும் எரிவாயு விளக்குகளால் ஒளிரச் செய்தார். நிலக்கரியைக் காற்றுப் புகாத கலத்தில் சூடாக்கி, வெளிப்படும் வாயுவைக் குழாய்கள் வழியே விளக்குகளுக்குக் கொண்டு செல்லும் முறை அது. அகல் விளக்கே வீடுகளுக்கு ஒளி தந்த காலத்தில், ஒரு கட்டடத்துக்கான எரிசக்தியை ஓரிடத்தில் ஆக்கி எங்கும் பகிரலாம் என்று அவர் காட்டினார். பம்பாய் ஆளுநரே நேரில் வந்து அதைக் கண்டார்.

நீராவி இயந்திரங்களைக் கற்றறிய 1839-இல் இங்கிலாந்து சென்றார். 1841-இல் கிழக்கிந்திய கம்பெனியின் பம்பாய் நீராவித் தொழிற்சாலையில் தலைமைப் பொறியாளர் பொறுப்பை ஏற்றார். ஐரோப்பியர்கள் ஓர் இந்தியரின்கீழ் பணிபுரிவதா என்று பம்பாய் ஆங்கிலப் பத்திரிகையில் எதிர்ப்பு எழுந்தது. அவர் அதற்குச் செயலால் விடையளித்தார். 1851-இல் அவர் மிதக்கவிட்ட 'லோஜி ஃபேமிலி' நீராவிக் கப்பலின் பாகங்கள் அவருடைய சொந்த வார்ப்பகத்திலேயே உருவானவை.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் என்னை உறுத்தும் வினா ஒன்றுண்டு. 1851-இலேயே இத்திறன் இங்கு இருந்தும், முழுவதும் இந்தியாவில் உருவான முதல் ரயில் என்ஜின் 1895-இல்தானே அஜ்மீரில் வெளிவந்தது? இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்திலிருந்து இயந்திரங்களை வருவித்து இயக்குவதே ஆட்சியாளர்களின் வழக்கமாக இருந்தது. ஒரு தனிமனிதரின் திறன், அதைப் பலருக்கும் கற்பிக்கும் அமைப்பும், கற்றவருக்கு அதிகாரம் தரும் மனமும் இன்றி ஒரு நாட்டின் திறனாகிவிடாது.

நான் வாழும் மேனாம்பேட்டுக்கு அருகே, 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை இருக்கிறது. இத்தகைய தொழிற்பேட்டைகளில் கொதிகலன்களைக் காத்து இயக்குவோரை யார் எண்ணிப் பார்க்கிறோம்? பனிக்கட்டியின் குளிர்நிலையிலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம், அந்த நீரை முழுவதும் ஆவியாக்கத் தேவை. எனவே, கசியும் ஒவ்வொரு குழாயிலும் எரிபொருளும் பணமும் காற்றில் கரைகின்றன. அதைக் கண்டறிந்து தடுப்பது அவர்களின் அனுபவ அறிவே. ஆனால், எந்த இயந்திரத்தை வாங்குவது, எதை எப்போது பழுதுபார்ப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்களுக்கு இருக்கை உண்டா?

1857-இல் பம்பாய்ப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற அர்தேசிர், பின்னர் சிந்து மாகாணத்தின் கோத்ரியில் நதிக்கப்பல் நிறுவனம் ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றினார். இறுதிக்காலத்தில் இங்கிலாந்தின் ரிச்மண்டில் வாழ்ந்து, 1877-இல் அங்கேயே மறைந்தார். 1969-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

அஞ்சல்தலை வேண்டிய மரியாதைதான். எனினும், கையும் கருத்தும் ஒன்றிய தொழில்நுட்பத் தொழிலாளரின் சொல்லுக்கு ஆலைகளில் மதிப்பளிப்பதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான நன்றிக்கடன்.